ஏழு கிலோவும் எங்கள் கைப்பையும்

கல்கிசையில் குடியிருப்பவர்களுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. காலி வீதியில் கல்கிசைச் சந்தியைத் தாண்டித் தெற்கே சிறிது தூரம் சென்றால் இரத்மலானை வந்துவிடும். இலங்கையின் முதலாவது விமான நிலையம் அங்கேதான் இருக்கிறது. 1935 நவம்பர் 27ஆம் திகதி சென்னையிலிருந்து வந்த ஒரு சிறிய விமானம் அந்தத் தளத்தில் இறங்கியது. 1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் நிறுவனத்தின் முதற் சேவை இங்கிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறையில் தரித்து, சென்னைக்குச் சென்றது. அந்த முதற் சேவையே யாழ்ப்பாணத்தைத் தொட்டுச் சென்றது என்பது இன்று பலருக்குத் தெரியாது. பின்னர் பெரிய விமானங்கள் கட்டுநாயக்காவுக்கு மாறிவிட்டன. இரத்மலானையில் இப்போது பெரும்பாலும் சிறிய விமானங்களும் பயிற்சி விமானங்களுமே எழும்பி இறங்குகின்றன.

வடக்குக் கிழக்கிலிருந்து வந்து கல்கிசையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உறவினர் வீடுகளிலோ லொட்ஜ்களிலோ தங்கியிருக்கும் பெண்களைச் சந்திப்பது எனது தொழில். அவர்களுள் அநேகர் விமானம் ஏறுவதற்காகவே கொழும்புக்கு வருகிறார்கள். ஒருவர் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறார். இன்னொருவர் கனடாவில் மகளின் பிள்ளைப்பேறு பார்க்கப் போகிறார். வேறொருவர் தமிழ்நாட்டில் அகதி முகாமில் இருக்கும் அக்காவைப் பல வருடங்களின் பின் பார்க்கப் போகிறார். விசாவைப் பற்றிய கேள்விக்கு அடுத்தபடியாக அவர்கள் என்னிடம் கேட்பது இதைத்தான்: "கையிலை என்னத்தைக் கொண்டு போகலாம்? எவ்வளவு விடுவினம்?"

சாதாரணமான கேள்விபோல் தோன்றினாலும் இதற்குப் பின்னால் ஒரு பயம் இருக்கிறது. பொதியைப் பறிகொடுத்த அனுபவம் எம்மில் பலருக்கு உண்டு. எனவே விமானக் கைப்பொதி பற்றிய விதிகள் என்ன, அவை நடைமுறையில் எவ்வளவு கண்டிப்பாகப் பார்க்கப்படுகின்றன என்பதைச் சற்று விரிவாக எழுதுவது பயனுள்ளது என நினைத்தேன்.

பொதிச் சோதனையோடு வளர்ந்தவர்கள்

யுத்த காலத்தில் இரத்மலானைக்கும் பலாலிக்கும் இடையே தனியார் விமானங்கள் பறந்தன. அப்போது பயணம் செய்த பெண்கள் சொல்வதைக் கேட்டால், பறந்த நேரத்தைவிடப் பொதியைக் கொட்டிக் காட்டிய நேரமே அதிகம் என்பது விளங்கும். வடக்குக்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியல் ஒன்று அக்காலத்தில் இருந்தது. ரோர்ச்சுக்குப் போடும் பற்றரியும் அதில் அடங்கும். பிள்ளையின் விளையாட்டுச் சாமானுக்குள் இருந்த பற்றரியைக் கழற்றி வைத்துவிட்டுப் போன கதையை இன்றும் சிலர் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

சிரிக்க முடியாத கதைகளும் உண்டு. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடற்பரப்பில் வீழ்ந்தது. அதில் இருந்த 55 பேரும் திரும்பவில்லை. யுத்தம் முடிந்த பின்னர் கடலடியிலிருந்து எடுக்கப்பட்ட உடைகளும் பொருட்களும் யாழ்ப்பாணத்தில் உறவினரின் பார்வைக்கு வைக்கப்பட்டன. ஒரு சீலைத் துண்டைக் கொண்டு தாயை அடையாளம் காண வேண்டிய நிலை அது. பயணத்தில் கையோடு கொண்டுபோகும் பொருள் எமக்கு வெறும் சாமான் அல்ல என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

2006 ஒகஸ்ட் மாதம் இரண்டு சம்பவங்கள் அடுத்தடுத்த நாட்களில் நடந்தன. ஒகஸ்ட் 10ஆம் திகதி, பானப் போத்தல்களில் திரவ வெடிபொருளை எடுத்துச் சென்று விமானங்களைத் தகர்க்கும் சதியொன்றைக் கண்டுபிடித்ததாகப் பிரித்தானியப் பொலிஸார் அறிவித்தனர். அன்று லண்டன் விமான நிலையங்களில் கைப்பொதி அனேகமாக முற்றாகத் தடைசெய்யப்பட்டது. கடவுச்சீட்டையும் பணத்தையும் தெரியக்கூடிய பிளாஸ்ரிக் பையில் போட்டுக்கொண்டு மக்கள் விமானம் ஏறினர். தாய்மார் பிள்ளையின் பாலை அதிகாரிகளுக்கு முன்னால் குடித்துக் காட்ட வேண்டியிருந்தது. மறுநாள், ஒகஸ்ட் 11ஆம் திகதி, முகமாலையில் சண்டை மூண்டு ஏ9 பாதை மூடப்பட்டது. யாழ்ப்பாணத்தார் வெளியே வருவதற்கு விமானமும் கப்பலும் மட்டுமே எஞ்சின. உலகம் முழுவதும் கைப்பொதிக்குக் கட்டுப்பாடு வந்த அதே கிழமையில், எமது மக்களுக்கு வழியே கட்டுப்பாடாகிவிட்டது.

இன்று நாம் காணும் 100 மில்லிலீற்றர் விதி அந்த ஒகஸ்ட் 10இன் விளைவுதான். திரவமோ குழம்புப் பதமான பொருளோ 100 மில்லிலீற்றருக்கு மேற்படாத போத்தலில், ஒரு லீற்றர் கொள்ளும் ஒரே பைக்குள் இருக்க வேண்டும். போத்தல் 200 மில்லிலீற்றர் அளவுடையதாயின், அதில் கால்வாசிதான் எண்ணெய் இருக்கிறது என்று சொல்லிப் பயனில்லை. போத்தலின் அளவையே பார்ப்பார்கள்.

வெள்ளவத்தையில் கட்டும் பொதி

பயணத்துக்கு முதல் வாரம் வெள்ளவத்தைக் காலி வீதியில் நடந்து பார்த்தால் யார் யார் விமானம் ஏறப்போகிறார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம். பெட்டிக் கடையில் சில்லுப் பூட்டிய சூட்கேஸை இழுத்துப் பார்ப்பார்கள். மயூராபதி அம்மனுக்கு ஒரு அர்ச்சனை. கொட்டாஞ்சேனையில் தங்கியிருப்பவர்கள் செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வருவார்கள். இந்த வீதிகளுக்கும் பொதிக்கும் ஒரு கசப்பான தொடர்பும் உண்டு. 2007 யூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அவர்களுள் வெளிநாடு செல்லக் கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் காத்திருந்தவர்களும் இருந்தார்கள்.

பொதிக்குள் என்ன போகிறது என்பது வீட்டுக்கு வீடு வித்தியாசப்படுவதில்லை. வறுத்து இடித்த மிளகாய்த்தூள், பனாட்டு, புழுக்கொடியல், மோர்மிளகாய், பருத்தித்துறை வடை, பயற்றம் பணியாரம், கருவாடு. பெரிய பொதியில் 30 கிலோ நிரம்பியதும் மீதி எல்லாம் கைப்பொதிக்கு வருகிறது. பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஊறுகாயும் நல்லெண்ணெயும் திரவ விதிக்குள் வருவன. அவை கைப்பொதிக்கு உதவாது. 350 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட தூள் வகைகளை ஐக்கிய அமெரிக்கா 2018 யூன் 30 முதல் மேலதிகச் சோதனைக்கு உட்படுத்துகிறது. ஆகவே மிளகாய்த்தூளைப் பெரிய பொதியில் வைப்பதே நல்லது. காய்ந்த கொப்பறாத் தேங்காய் தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடியது என்பதால் ஆபத்தான பொருளாகக் கணிக்கப்படுகிறது. இந்தியப் பயணத்தில் அதைத் தவிர்த்துவிடுங்கள். வெற்றிலை போடும் அம்மாமார் கொட்டைப்பெட்டிக்குள் பாக்குவெட்டியை மறந்துவிடுவார்கள். பன்னவேலை செய்யும் பெண்கள் சத்தகத்தை மறந்துவிடுவார்கள். இவை இரண்டும் பெரிய பொதிக்குள்ளேயே போக வேண்டும். இல்லாவிடில் சோதனை மேசையில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டிவரும்.

பற்றரியின் கதை மட்டும் தலைகீழாக மாறிவிட்டது. கைத்தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பாங்க்கைப் பெரிய பொதியில் வைக்கக் கூடாது. கையில்தான் கொண்டுபோக வேண்டும். 100 வாற்-மணிக்கு உட்பட்டதாயின் பொதுவாக அனுமதி உண்டு. கடைகளில் 20,000 என்று குறிப்பிட்டு விற்பவை இந்த அளவுக்குள் அடங்கும். தென்கொரியாவில் 2025 சனவரியில் தரையில் நின்ற பயணிகள் விமானமொன்று தீப்பற்றிய பின்னர் பல நிறுவனங்கள் இதில் கண்டிப்பாகிவிட்டன. எமிரேட்ஸ் 2025 ஒக்டோபர் 1 முதல் ஒருவருக்கு ஒன்று என மட்டுப்படுத்தி, விமானத்துக்குள் அதைப் பாவிப்பதையும் தடைசெய்தது.

எழுத்தில் உள்ள விதி

ஸ்ரீலங்கன், எமிரேட்ஸ், கட்டார், இண்டிகோ ஆகியவற்றின் சாதாரண வகுப்பில் கைப்பொதியின் நிறை 7 கிலோ. எயார் அரேபியா 10 கிலோ வரை விடுகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 115 சென்ரிமீற்றர் என்பது பல நிறுவனங்கள் கொள்ளும் அளவு. இந்திய விமான நிலையங்களில் ஒருவருக்கு ஒரு கைப்பொதிதான் என்று பாதுகாப்புப் பணியகம் 2022 சனவரியில் மீண்டும் வலியுறுத்தியது. ஆனால் பெண்களின் தோள்பை அதற்குப் புறம்பானது. இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து நேரே சென்னைக்குப் போகும் வசதி இப்போது உண்டு. பலாலி 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாவோடு நின்றுபோன சேவை 2022 டிசெம்பர் 12ஆம் திகதி மீண்டும் தொடங்கியது. இண்டிகோ 2024 செப்டெம்பர் 1 முதல் இணைந்துகொண்டது. இவை 70, 80 பேர் கொள்ளும் சிறிய ஏ.டி.ஆர். விமானங்கள். தலைக்கு மேலுள்ள தட்டு சிறியது. ஏற்றும் நிறையும் கணக்காகப் பார்க்கப்படும். எனவே பெரிய விமானத்தில் தப்பிப் போன பொதி இதில் தப்பாது.

இன்னொரு கணக்கையும் நாம் மறந்துவிடுகிறோம். சில்லுப் பூட்டிய கைப்பெட்டி வெறுமையாகவே இரண்டரைக் கிலோ வரும். ஏழிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது நாலரைக் கிலோ. துணிப்பையோ முதுகுப்பையோ ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடும். ஆகவே பெட்டி வாங்கும் காசை ஒரு தொங்கு தராசில் போடுங்கள். அல்லது வீட்டுத் தராசில் பொதியைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு பொதியில்லாமல் ஏறி, வித்தியாசத்தைப் பாருங்கள்.

யாருடைய பை நிறுக்கப்படுகிறது?

எழுத்தில் விதி எல்லோருக்கும் ஒன்று. நடைமுறை அப்படியல்ல. பயிற்சிப் பட்டறை ஒன்றுக்காக நான் பயணம் செய்தபோது, கட்டுநாயக்காவில் எனக்கு முன்னால் முதன்முறையாக வேலைக்குப் போகும் பெண்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஒவ்வொருவருடைய கைப்பொதியும் தராசில் ஏறியது. மன்னாரைச் சேர்ந்த ஒரு அக்காவின் பை ஒன்பது கிலோ. இரண்டு கிலோவுக்குக் காசு கட்டுங்கள் அல்லது எடுங்கள் என்றார்கள். அவர் வரிசையை விட்டு விலகி நிலத்தில் இருந்து, பிள்ளைகளின் படம் போட்ட அல்பத்தையும் பணியாரப் பையையும் மாறி மாறி எடுத்துப் பார்த்தார். கடைசியில் பணியாரத்தை விட்டார். அதே நேரத்தில் கோட் அணிந்த ஒருவர் இதைவிடப் பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு போனார். அதை நிறுக்க எவரும் கேட்கவில்லை.

"எல்லாருக்கும் ஒரே தராசு எண்டால் எனக்குக் கவலையில்லை தங்கச்சி" என்றார் அந்த அக்கா.

அவர் சொன்னதை நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. கவுண்டரில் இருப்பவருக்குக் கிடைப்பது ஒரு பயணிக்கு இரண்டு மூன்று நிமிடங்கள். அதற்குள் யாரை நிறுப்பது, யாரை விடுவது என்று அவரே தீர்மானிக்கிறார். உடையையும் மொழியையும் தயக்கத்தையும் பார்த்துத்தான் அந்தத் தீர்மானம் பல வேளைகளில் எடுக்கப்படுகிறது. கேள்வி கேட்கமாட்டாள் என்று தோன்றும் பெண்ணிடம் விதி முழுமையாகப் பாய்கிறது. விமானம் நிரம்பியிருந்தால், தட்டில் இடம் போதாது என்பதனால், கண்டிப்பு மேலும் கூடும்.

ஐரோப்பாவில் இது வியாபாரமாகவே மாறிவிட்டது. லண்டனில் மகனைப் பார்த்துவிட்டு மலிவு விமானத்தில் ஜேர்மனிக்குப் போகும் அம்மா ஒருவர் ஏழு கிலோக் கணக்கை நம்பிப் போகக் கூடாது. அவற்றில் இருக்கைக்குக் கீழே வைக்கும் சிறு பை மட்டுமே இலவசம். அளவுக்கு மீறிய பையைப் பிடித்துக்கொடுக்கும் ஊழியருக்கு ஒரு பைக்கு இரண்டரை யூரோ வீதம் கொடுப்பனவு என்று ரயன்எயர் 2025இல் அறிவித்தது. மறுபுறம், நியாயமான நிறையும் அளவும் கொண்ட கைப்பொதி பயணத்தின் இன்றியமையாத பகுதி, அதற்குத் தனிக் கட்டணம் அறவிடலாகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014 செப்டெம்பர் 18ஆம் திகதி தீர்ப்பளித்தது. 2024 நவம்பரில் ஸ்பெயின் அரசு ஐந்து மலிவு விமான நிறுவனங்களுக்கு 179 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது. நிறுவனங்கள் அதை நீதிமன்றத்தில் எதிர்த்தன. வழக்கு எப்படிப் போனாலும், கைப்பை என்பது பயணியின் உரிமை என்ற கருத்து சட்டத்தில் பேசப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது.

இங்கே ஒரு வேறுபாட்டை விளங்கிக்கொள்ள வேண்டும். நிறையும் அளவும் விமான நிறுவனத்தின் விடயம். அங்கே கேட்கலாம், பெரிய பொதிக்கு மாற்றலாம், காசு கட்டலாம். திரவமும் கத்தியும் பாதுகாப்பு அதிகாரியின் விடயம். அங்கே காசும் இல்லை, பேச்சும் இல்லை. புதிய இயந்திரங்கள் வந்ததால் 2025 யூலையில் எடின்பரோ, பேர்மிங்ஹாம் நிலையங்கள் இரண்டு லீற்றர் வரையான திரவத்தை அனுமதிக்கத் தொடங்கின. அதை நம்பி வேறு நிலையங்களில் வாதாட முடியாது.

கையில் இருக்க வேண்டியவை

காசு போவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. விமானம் ஏறும் வாயிலில், கடைசி நேரத்தில், "இந்தப் பையைக் கீழே அனுப்புகிறோம்" என்று வாங்கிக்கொள்வார்கள். பதற்றத்தில் நாமும் கொடுத்துவிடுவோம். கடவுச்சீட்டுப் பிரதி, வேலை ஒப்பந்தம், மருந்து, நகை, காணாமற்போனவரின் படமும் முறைப்பாட்டுக் கடிதங்களும் அதற்குள் இருந்தால்?

இதற்காகவே ஒரு சிறிய துணிப்பையைத் தனியே தைத்து, கைப்பொதிக்குள் மேலாக வையுங்கள். பொதியைக் கேட்டால் அந்தச் சிறு பையையும் பவர் பாங்க்கையும் எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுக்கலாம். அதற்குள் இருக்க வேண்டியவை இவை: கடவுச்சீட்டு, தேசிய அடையாள அட்டை, ஒப்பந்தப் பிரதி, போகுமிடத்து உறவினரின் தொலைபேசி இலக்கம் எழுதிய கடதாசி, இரண்டு வாரத்துக்குரிய மருந்தும் வைத்தியரின் துண்டும். வேலைக்குப் போகிறவர்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தையும் எழுதி வையுங்கள். இன்சுலினை ஒருபோதும் பெரிய பொதியில் வைக்க வேண்டாம், குளிரில் உறைந்து கெட்டுவிடக்கூடும். வைத்தியரின் கடிதம் இருந்தால் மருந்துக்கும் குழந்தைப் பாலுக்கும் 100 மில்லிலீற்றர் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு உண்டு. காணி உறுதி, முறைப்பாட்டு மூலப்பிரதி ஆகியவற்றை நம்பிக்கையான ஒருவரிடம் ஊரிலேயே வைத்துவிட்டுப் பிரதிகளை மட்டும் கொண்டுபோங்கள்.

உடம்பிலேயே ஷெல் துண்டுகளையும் சன்னங்களையும் சுமந்து செல்லும் பெண்கள் எம்மிடையே இருக்கிறார்கள். உலோகம் காட்டும் வாசலில் மணி அடித்ததும் அவர்கள் நடுங்கிப்போவதை நான் அறிவேன். காயம் எங்கே, உலோகம் எங்கே என்று ஆங்கிலத்தில் எழுதிய வைத்தியச் சான்றிதழைக் கையில் வைத்திருங்கள். பெண் அதிகாரி சோதிக்க வேண்டும் என்றும், மறைவான இடத்தில் சோதிக்க வேண்டும் என்றும் கேளுங்கள். செயற்கைக் கால், ஊன்றுகோல், சக்கர நாற்காலி ஆகியவற்றை அநேக நிறுவனங்கள் பொதி நிறையில் சேர்ப்பதில்லை. ரிக்கற் போடும்போதே சொல்லி வைப்பது நல்லது.

பெரிய பொதி வந்து சேராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே முறைப்பாடு எழுதிப் பிரதி வாங்குங்கள். சேதமாயின் 7 நாட்களுக்குள்ளும், தாமதமாயின் பொதி கிடைத்து 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் கோர வேண்டும்.

கைவிட வேண்டிய நேரம்

2024 சனவரி 2ஆம் திகதி தோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் ஜப்பான் எயார்லைன்ஸ் விமானமொன்று இறங்கும்போது மற்றொரு விமானத்துடன் மோதித் தீப்பற்றியது. அந்தப் பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் உயிர் தப்பினர். பணியாளரின் சொற்கேட்டு அவர்கள் பொதிகளை விட்டுவிட்டு இறங்கியது அதற்கு ஒரு முக்கிய காரணம். பாதி வாசல்கள் அடைபட்டாலும் 90 விநாடிகளுக்குள் எல்லோரும் வெளியேறக்கூடியதாகவே விமானங்கள் அமைக்கப்படுகின்றன. தட்டைத் திறந்து பை எடுக்கும் ஒருவர் பின்னால் நிற்பவர்களின் நேரத்தை எடுத்துவிடுகிறார்.

எமக்கு இது இலகுவான விதி அல்ல. ஷெல் சத்தம் கேட்டதும் பிள்ளையை ஒரு கையிலும் பையை மறு கையிலும் தூக்கி ஓடிப் பழகியவர்கள் நாங்கள். அந்தப் பைதான் பிறகு முகாமில் எங்களை யாரென்று சொன்னது. ஆனால் விமானத்தில் "பையை விடு" என்றால் விட வேண்டும். அதற்கு ஒரே வழி, உண்மையில் இழக்க முடியாதவற்றைச் சிறிதாக்கி உடம்போடு வைத்திருப்பதுதான். பறக்கும் நேரத்தில் அந்தச் சிறிய துணிப்பையைக் கழுத்திலோ இடுப்பிலோ கட்டிக்கொள்ளுங்கள்.

வழியனுப்ப வருபவரை, நீங்கள் பொதி கொடுத்து முடியும்வரை வெளியே காத்திருக்கச் சொல்லுங்கள். நிறை கூடினால் பணியாரத்தை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம். நிலத்தில் இருந்து பையைக் கொட்டத் தேவையில்லை. விதியைத் தெரிந்து, வீட்டிலேயே நிறுத்துக் கொண்டுபோகும் பெண் கவுண்டரில் கெஞ்ச வேண்டியதில்லை. தன்னுடைய பையை மட்டும் ஏன் நிறுக்கிறார்கள் என்று நிமிர்ந்து நின்று கேட்கவும் அவளால் முடியும்.